ஐந்தாம் கேள்வி

ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி. வழக்கமாக அந்த நேரத்தில் கஸ்பர் இங்கிலாந்தின் கோலியர்ஸ் வுட்டில், தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் நிற்பார். முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிப்பார். அன்று ஒரு மைதானத்தின் ஓரத்தில் மஞ்சள் ஜாக்கெட்டோடு நின்றார். ஜாக்கெட்டின் முதுகில் ஆங்கிலத்தில் 'நலன்' என்று எழுதியிருந்தது. யாருடைய நலன் என்று எழுதியிருக்கவில்லை.

எதிரே இருபத்திரண்டு பேர் இரும்புத் தொப்பி போன்ற ஒன்றை மாட்டிக்கொண்டு குனிந்து நின்றார்கள். விசில் ஊதியதும் ஒருவரை ஒருவர் போய் இடித்தார்கள். பிறகு எழும்பி, திரும்பவும் குனிந்தார்கள். அவர்களில் ஒருவன் கஸ்பரின் மகன் றஜீவ். பந்தை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுவது அவனுடைய வேலை. கூட்டம் விலகாது. அதுதான் விளையாட்டு.

வாண்டில் பல்கலைக்கழகம் இந்த அமெரிக்கக் கால்பந்து அணியை மூன்று வருடங்களுக்கு முன் தொடங்கியது. அதே கோடையில் மொழித்துறையை மூடியது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று பல்கலைக்கழகம் இரண்டு தடவை அறிவித்தது. அணியின் பெயர் 'ஹெரன்ஸ்'. வாண்டில் ஆற்றோரம் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குதான் சின்னம். கொக்குக்கும் ஒரு தலைக்கவசம் போட்டிருந்தார்கள்.

முதலுதவிச் சான்றிதழ் உள்ள ஒருவர் ஓரத்தில் நிற்காவிட்டால் ஆட்டம் இல்லை என்பது லீக்கின் சட்டம். முதல் இரண்டு வருடமும் அம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். மூன்றாம் வருடம் வரமாட்டோம் என்றார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கஸ்பரிடம் சான்றிதழ் இருந்தது. வால்சிங்கம் மாதா யாத்திரைக்குத் தொண்டராகப் போக எடுத்தது. இதுவரை மயங்கி விழுந்த இரண்டு அன்ரிமாரையும் ஒரு குளவிக் கடியையும் பார்த்திருக்கிறார்.

"அப்பா, நீங்கள் சும்மா நிண்டாக் காணும்," என்று றஜீவ் சொல்லியிருந்தான்.

சும்மா நிற்க விடவில்லை. ஷங்கர் வந்தான். மாணவர் அனுபவத்தின் இயக்குநர். சென்னைக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும், எப்போதும் சிரிப்பான். கழுத்தில் இரண்டு அடையாள அட்டைகள் தொங்கின.

"அங்கிள், தலையில அடிபட்டா அஞ்சே கேள்வி. அதுக்கு மேல உங்களுக்கு எந்த டென்ஷனும் வேண்டாம். எங்க நிக்கிறோம், ஆட்டத்தோட நாலு கால்பகுதியில இது எந்தக் குவாட்டர், கடைசியா யாரு பாயிண்ட் எடுத்தாங்க, போன வாரம் யாரோட ஆடினோம், போன வாரம் ஜெயிச்சோமா. எல்லாத்துக்கும் சரியா சொன்னா திரும்ப உள்ள அனுப்பலாம். தப்பா சொன்னா மூணு வாரம் ரெஸ்ட்."

அன்று முதலில் விழுந்தது மிதுலன். சவுத்தால் பக்கத்துப் பெடியன், கதவு மாதிரி உடம்பு. கஸ்பர் ஓடிப்போய் முழந்தாளிட்டுக் கேள்விகளைக் கேட்டார். முதல் நாலுக்கும் தெளிவாகச் சொன்னான்.

"போன கிழமை வெண்டனீங்களோ, மகன்?"

"எங்கை அங்கிள் வெண்டது? நாப்பத்தெட்டுக்குப் பூச்சியம். சட்னி ஆக்கினவங்கள்."

பெடியனுக்குத் தலை நல்லாக இருக்கிறது என்று கஸ்பர் தட்டிக்கொடுத்து அனுப்பினார். ஷங்கர் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினான்.

"அங்கிள், அவரு அஞ்சாவது தப்பா சொல்லிட்டாரே."

"இல்லைத் தம்பி, சரியாத்தானே சொன்னவர். தோத்தவையள்தானே?"

ஷங்கர் அவரை மெதுவாகத் தோளில் பிடித்து ஒரு பக்கம் கூட்டிப்போனான். இறந்த வீட்டில் பிடிப்பதுபோல் பிடித்தான்.

"அந்த வார்த்தை நம்ம யுனிவர்சிட்டியில இல்ல அங்கிள். செப்டம்பர்ல எடுத்துட்டோம். அது மாணவர்களோட மனநலத்தைப் பாதிக்குதுன்னு ஒரு சர்வே வந்துச்சு. போன வாரம் நாம ஜெயிச்சோம்."

"அப்ப மற்ற டீம்?"

"அவங்களும் ஜெயிச்சாங்க. நாம யாரையும் மறுக்கிறதில்ல."

"அப்ப அந்த நாப்பத்தெட்டு?"

"ஸ்கோர்ங்கிறது எதிரணியோட கருத்து, அங்கிள்."

கஸ்பர் மைதானத்தைப் பார்த்தார். மிதுலனை இரண்டு பேர் கையில் பிடித்து வெளியே நடத்திக்கொண்டு போனார்கள். போன வாரம் நடந்ததைச் சரியாகச் சொல்லத் தெரியாதவன் குழம்பியவன், குழம்பியவனை விளையாட விட்டால் ஆபத்து என்று ஷங்கர் விளக்கினான். கேட்கும்போது அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

"அங்கிள், நான் சரியாத்தானே சொன்னனான்?" என்று மிதுலன் திரும்பிக் கேட்டான்.

"ஓம் மகன்," என்றார் கஸ்பர். "அதுதான் பிரச்சினையாம்."

ஓய்வு என்பது வளாகத்தின் பின்பக்கம் ஒரு அறை. மூடிய மொழித்துறையின் அறை. யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தது. ஃபோன் இல்லை, புத்தகம் இல்லை. மூளைக்கு அமைதி வேண்டும் என்றார்கள். அடுத்த ஞாயிறு இன்னும் மூன்று பேர் போனார்கள். அதற்கடுத்த கிழமை ஒன்பது பேர் உள்ளே இருந்தார்கள். அவர்களில் ஒருவன் அடிபட்டவனே இல்லை. கன்டீனில் யாருக்கோ ஸ்கோரைச் சொல்லியிருந்தான்.

வீட்டில் மட்டும் தோல்வி இருந்தது. ஞாயிறு பின்னேரம் றஜீவ் குளித்துவிட்டு வந்து குசினியில் இருப்பான். தாய் பெர்னடெற் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்பாள்.

"இண்டைக்கு என்னவாம்?"

"வடிவாத் தோத்தனாங்கள் அம்மா."

"எவ்வளவு வடிவா?"

"அம்பத்தஞ்சு வடிவு."

மூன்று பேரும் சிரிப்பார்கள். இங்கிலாந்தில் தங்களுக்குத் தெரிந்த ஒரே அணி இதுதான், அதுவும் இப்படியா என்று பெர்னடெற் தலையில் அடித்துக்கொள்வாள். "பந்தைக் கொண்டு ஓடுறதுக்கு ஏன்டா தலையாலை போய் இடிக்கிறாய்? விலத்தி ஓடன்." அதற்கும் சிரிப்பார்கள்.

ஆனால் நாலாம் கிழமை றஜீவ் சிரிக்கவில்லை. "இன்னும் நாலு பேர் உள்ளுக்கை போனா டீம் இல்லை அப்பா. இழுத்து மூடிப்போடுவாங்கள். பெடியங்கள் அழுறாங்கள்."

கஸ்பருக்குப் பெடியன்களை நினைக்கக் கவலையாக இருந்தது. ஒரு வழியும் தோன்றியது. அவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி. பதினெட்டு வருடமாக முதல் நன்மை வகுப்பு எடுக்கிறவர் அவர். ஏழு வயதுப் பிள்ளை, கேள்வி கேட்க வரும் ஆயரின், பிஷப்பின், முன்னால் பயத்தில் தன் பெயரை மறக்கும். ஆனால் கஸ்பரிடம் படித்த பிள்ளை விடையை மறக்காது. கேள்வியைக் கேட்டுக் கூட்டமாகச் சொல்ல வைப்பார். பிறகு ஒவ்வொருவராக. பிறகு மாற்றி மாற்றி. கடைசியில் தூங்கி விழும் பிள்ளையைத் தட்டி எழுப்பிக் கேட்பார். கண் திறக்க முன்னமே விடை வரவேண்டும்.

பங்கில் வகுப்புகளுக்குப் பொறுப்பான இம்மாகுலேற் ரீச்சருக்கு இது பிடிக்காது. "கஸ்பர், பிள்ளையள் விளங்கிச் சொல்லுதுகளோ, பாடமாக்கிச் சொல்லுதுகளோ?" என்று ஒருமுறை எல்லோர் முன்னாலும் கேட்டவர்.

"ஆண்டவர் வந்து கேக்கேக்கை ரெண்டும் ஒரே மாதிரித்தான் ரீச்சர் இருக்கும்," என்று ஆயரை நினைத்துச் சொன்னார் கஸ்பர். அதற்குப் பிறகு அவருக்கு முன்வரிசைப் பிள்ளைகளைக் கொடுப்பதில்லை.

வாண்டில் பல்கலைக்கழகம் அவருக்கு முழு மினிபஸ்ஸையும் கொடுத்தது.

வளாகத்திலிருந்து மைதானத்துக்குப் போகும் வழியில், நெடுஞ்சாலையில், சாரதிக்குப் பக்கத்தில் திரும்பி நின்றுகொண்டு கஸ்பர் படிப்பித்தார். எல்லாம் ஆங்கிலத்தில்தான். நல்லாகச் சொன்னவனுக்குப் பெர்னடெற் செய்த மட்டன் ரோல்ஸ் கிடைத்தது. விடைகளை ஷங்கர் வெள்ளிக்கிழமையே ஃபோனில் சொல்லிவிடுவான்.

"எந்தக் குவாட்டர் எண்டதுக்கு என்ன தம்பி சொல்லுறது? அது மாறுமே."

"'இந்தக் குவாட்டர்'னு சொல்லட்டும் அங்கிள். அது எப்பவுமே சரி."

"கடைசியா ஆர் பொயின்ற் எடுத்தது? ஆட்டம் ஞாயிறுதானே?"

"நாமதான் எடுப்போம். முடிவாயிடுச்சு."

இரண்டு கிழமையில் அணி தேறியது. கஸ்பர் ஒன்று என்று தொடங்க, பஸ் முழுக்க ஐந்து வரை ஓடி முடித்தது. அடுத்த ஆட்டத்தில் ஆறு பேர் விழுந்தார்கள். ஆறு பேரும் எல்லாம் சரியாகச் சொல்லித் திரும்ப உள்ளே போனார்கள். ஒருவன் எதிர்ப்பக்கம் திரும்பிக் குனிந்து நின்றான். அவனைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள்.

கோச் கஸ்பரைக் கட்டிப்பிடித்தார். நெஞ்சு அகன்ற மனிதர், யாருடைய பெயரும் அவருக்குத் தெரியாது, எல்லோரையும் 'சாம்பியன்' என்று கூப்பிடுவார். "சாம்பியன்," என்றார், "நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவேண்டாம்." கஸ்பருக்கு மார்பிலும் 'முதன்மை நலன்' என்று எழுதிய புது ஜாக்கெட் வந்தது. அதை அவர் சனிக்கிழமைப் பூசைக்கும் போட்டுக்கொண்டு போனார். இம்மாகுலேற் ரீச்சர் பார்க்கும்படி ஒருமுறை முன்வரிசைக்கு நடந்து திரும்பினார்.

பிறகு சின்னச் சின்ன விஷயங்கள் நடந்தன.

ஒரு பெடியன் இடைவேளையில் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தான். ஆட்டம் முடியும்போதும் கட்டிக்கொண்டிருந்தான். இன்னொருவன் பஸ்ஸில் தலைக்கவசத்தைக் கழற்ற மாட்டேன் என்றான். உள்ளே சத்தம் குறைவு என்றான். கென்ட் பக்கத்து உயரமான பெடியன் ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். பின்னேரம் கொவென்ட்ரியிலிருந்து யாரோ ஃபோன் பண்ணினார்கள். கஸ்பர் ஃபோனிலேயே ஐந்து கேள்வியும் கேட்டார். எங்கே நிற்கிறாய் என்றதற்கு, தெளிவான குரலில், "வாண்டில் மைதானத்தில், சார்," என்றான்.

"பாஸ்," என்றான் ஷங்கர்.

"தம்பி, அவன் கொவென்ட்ரியிலை."

"கேள்விக்கு விடை சரியா இல்லையா, அங்கிள்?"

மிதுலன் அறையிலிருந்து வந்துவிட்டான். முன்பு போல் பகிடி விடுவதில்லை. கஸ்பர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். ஓம் என்றான். சாப்பிட்டாயா என்று கேட்டார். ஓம் என்றான். அம்மா எப்படி என்று கேட்டார். ஓம் என்றான்.

நவம்பரில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு விருது கிடைத்தது. நாட்டிலேயே தலைக்காயம் இல்லாத ஒரே அணி. விருதை வாங்கத் துணைவேந்தர் போனார். நன்றிப் பட்டியலின் இரண்டாவது வரியில் கஸ்பரின் பெயரைத் தவறாக வாசித்தார்கள்.

அந்த ஞாயிறு ஆட்டத்தில் றஜீவ் இரண்டு தரம் விழுந்தான். இரண்டு தரமும் எல்லாம் சரியாகச் சொன்னான். பின்னேரம் குளித்துவிட்டுக் குசினிக்கு வந்து இருந்தான்.

"இண்டைக்கு என்னவாம்?" என்று பெர்னடெற் கேட்டாள்.

"வீ வொன், அம்மா."

பெர்னடெற் கரண்டியோடு நின்றாள். கொஞ்சம் பொறுத்து றஜீவ் சிரித்தான். கஸ்பரும் சிரித்தார். அவனுடைய சிரிப்பு பிந்தி வந்தது என்பதை இருவரும் கவனித்தார்கள். அவன் படுக்கப் போகும்வரை அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

"இஞ்சருங்கோ," என்றாள் பெர்னடெற். அவள் செவன் கிங்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தவள், இப்போது வீட்டுக்குக் கிட்ட ஒன்றில். "எங்கடை ஹோமிலை ஒரு மனுசி. டொக்டர் வந்து கேட்டா இண்டைக்கு என்ன கிழமை எண்டு டாண் எண்டு சொல்லும். டொக்டர் போனாப்பிறகு என்னைத் தன்ரை தங்கச்சி எண்டு கூப்பிடும். நீங்கள் அவனை மறிக்கிறியளோ, நான் வந்து மறிக்கட்டோ?"

"உமக்கு விளங்காது. அவன் பாஸ் பண்ணினவன்."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

கஸ்பருக்கு அன்று நித்திரை வரவில்லை. காலையில் மகனிடம் கதைத்தார். கடைசி ஆட்டம் ஒன்றுதான், விட்டுவிடு என்றார்.

"நான் விட்டா என்ரை இடத்திலை மிதுலனைத்தான் போடுவினம் அப்பா," என்றான் றஜீவ். "அவனைப் பாத்தனீங்கள்தானே?"

கஸ்பர் ஷங்கரின் அலுவலகத்துக்குப் போனார். சுவரில் கொக்கு இருந்தது. அதன் கீழே, நாங்கள் கேட்கிறோம், என்று எழுதியிருந்தது.

"தம்பி, ஆறாவது கேள்வி ஒண்டு சேர்க்க ஏலுமோ? சும்மா ஒரு சின்னக் கேள்வி. நான் படிப்பிக்காத கேள்வி."

ஷங்கர் உண்மையாகவே வருத்தப்பட்டான். "அஞ்சு கேள்விக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கு அங்கிள். ஆறாவது கேட்டு அதுக்குப் பதில் வரலைன்னா, யாரோட பொறுப்பு? கேட்டவங்களோட பொறுப்பு. நான் உங்களைப் பாதுகாக்கிறேன்."

"பெடியங்களை?"

"ஆமா, அவங்களையும்தான். பதில் தெரியாத கேள்விகள்ல இருந்து."

கடைசி ஆட்டத்துக்குப் பெற்றோர்கள் அழைக்கப்பட்டார்கள். பெர்னடெற் குளிர்ச் சட்டையோடு வந்து கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்றாள். வானம் தாழ்ந்து இருண்டிருந்தது. மைதான விளக்குகளைப் பகலிலேயே போட்டிருந்தார்கள். துணைவேந்தர் மேடையேறினார். மெல்லிய உடம்பு, மென்மையான குரல்.

"இந்தப் பருவத்தில் எங்கள் மாணவர் ஒருவர்கூடத் தலையில் காயப்படவில்லை," என்றார். "காயப்பட்ட எவரும் அப்படிச் சொல்லவில்லை. பெற்றோர்களே, நீங்கள் உங்கள் பிள்ளைகளின் தலைகளை எங்களிடம் ஒப்படைத்தீர்கள். அவற்றில் நிறைய விஷயங்கள் இருந்தன. பயம், சந்தேகம், பழைய நினைவுகள். நாங்கள் அவற்றை அகற்றி இடம் செய்திருக்கிறோம். தலைகளைத் திருப்பித் தரும்போது அவை எங்களுடைய விழுமியங்களால் நிறைந்திருக்கும். உங்களுக்குக் கேள்விகள் இருக்கலாம். அச்சப்பட வேண்டாம். கேள்விகள் ஏற்கனவே ஐந்து இருக்கின்றன."

வீரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கைதட்டத் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். ஒருவன் மட்டும் நிறுத்தவில்லை. அவனுடைய கைகளைப் பக்கத்தில் இருந்தவன் பிடித்துக் கீழே வைத்தான். பெற்றோர்கள் சிரித்தார்கள். பெர்னடெற் சிரிக்கவில்லை. அவள் கஸ்பரைப் பார்த்தாள். கஸ்பர் ஜாக்கெட்டின் சிப்பை இழுத்து மேலே விட்டார்.

எதிரணியின் பெடியன்கள் பெரியவர்கள். முதல் அரைமணியிலேயே விளையாட்டு முடிந்ததுபோல் ஆகிவிட்டது. ஆனால் முடியவில்லை. விழுந்தவர்கள் எழும்பினார்கள், சொன்னார்கள், போனார்கள். கஸ்பர் ஓடி ஓடிக் கேட்டார். அவருடைய குரல் அடைத்துவிட்டது. சிலர் அவர் வந்து சேர முதலே சொல்லத் தொடங்கினார்கள்.

பிறகு றஜீவ் பந்தை வாங்கினான்.

பக்கத்திலிருந்து ஒருவனும் முன்னாலிருந்து ஒருவனும் வந்தார்கள். சத்தம் கேட்டது. காரின் கதவை அடிப்பது போன்ற சத்தம். றஜீவ் நின்றபடியே ஒரு கணம் இருந்தான். பிறகு முழங்கால் மடியாமல், முழு உடம்பாக விழுந்தான்.

கயிற்றுக்கு அந்தப்பக்கம் பெர்னடெற் கத்துவது கேட்டது. கஸ்பர் போய் முழங்காலில் இருந்தார். கவசத்தின் கம்பிகளுக்கு உள்ளே மகனுடைய கண்கள் திறந்திருந்தன. அவை கஸ்பருக்குக் கொஞ்சம் பின்னால் எதையோ பார்த்தன. ஷங்கரும் வந்து பக்கத்தில் நின்றான். அவனுடைய சப்பாத்தில் சேறு படாமல் இருக்க ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தான்.

"கேளுங்க அங்கிள்."

கஸ்பர் ஆங்கிலத்தில் கேட்டார். "நாங்கள் எங்கே நிற்கிறோம்?"

"வாண்டில் மைதானத்தில், சார்."

"எந்தக் குவாட்டர்?"

"இந்தக் குவாட்டர், சார்."

கஸ்பர் மூன்றாவதைக் கேட்க வாயைத் திறந்தார். றஜீவ் முந்திக்கொண்டான்.

"நாங்கள், சார். பிரைட்டனோடு, சார். வென்றோம், சார்."

குரல் தெளிவாக இருந்தது. கஸ்பர் பதினெட்டு வருடத்தில் இவ்வளவு நல்லாகச் சொன்ன ஒரு பிள்ளையைக் கேட்டதில்லை. றஜீவ் கொஞ்சம் நிறுத்தினான். பிறகு முதலாம் விடையிலிருந்து திரும்பவும் தொடங்கினான்.

"சூப்பர்," என்றான் ஷங்கர். "அஞ்சுக்கு அஞ்சு. அனுப்புங்க."

நடுவர் நேரத்தைப் பார்த்தார். கோச் ஓரத்திலிருந்து, சாம்பியனை எழுப்புங்கள் என்று கூப்பிட்டார். இரண்டு பெடியன்கள் வந்து றஜீவின் கைகளுக்குள் கையை விட்டார்கள். அவர்களில் ஒருவன் மிதுலன். கஸ்பர் அவர்களைத் தள்ளினார். தலைக்கவசத்தின் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்து மகனின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"மகன். இஞ்சை பார். அப்பா தமிழிலை கேக்கிறன்."

"அங்கிள்," என்றான் ஷங்கர். முதல்முறையாக அவன் சிரிக்கவில்லை. "ப்ரோட்டோகால்ல தமிழ் இல்ல."

றஜீவின் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. வாண்டில் மைதானத்தில், இந்தக் குவாட்டர். கஸ்பர் கம்பிகளை விடவில்லை. மைதானத்துக்குள் ஓடிவந்துகொண்டிருந்த பெர்னடெற் பாதி வழியில் நின்றுவிட்டாள். அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லு ராசா. போன கிழமை நாங்கள் வெண்டனாங்களோ, வடிவாத் தோத்தனாங்களோ?"